மாஸ்டரின் வலது கால்

தையல் கூடத்தில் அவளை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். துணி வெட்டும் மேஜையில் அதுவரை ஆண்கள்தான் நின்றிருந்தார்கள். அவள் வந்த பிறகும் அந்தப் பட்டம் மாறவில்லை, ஆள் மட்டும் மாறியது. அடுக்கிவைத்த துணியின் மேல் கோடு போட்டு, ஒருமுறை குனிந்து பார்த்து, கத்திரியை உள்ளே விட்டால் மறுமுனையில்தான் நிமிர்வாள். அதே கூடத்தில் தைத்த துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். வீட்டிலும் அவர் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார். முதலில் கிண்டலுக்கு. அப்புறம் அதுவே நாக்கில் ஒட்டிக்கொண்டது.

ஒரு மதியம் கத்திரி கோட்டை விட்டு விலகியது. அவள் வெட்டிக் கோணல் விழுந்ததை அங்கே யாரும் பார்த்ததில்லை. "என்னாச்சு மாஸ்டர்?" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள். பதில் சொல்லப் போன வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கத்திரி கீழே விழுந்தது. பின்னாலேயே அவளும் விழுந்தாள்.

உயிர் பிழைத்தது. பேச்சு கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. வலது கையும் வலது காலும் வரவில்லை. மருத்துவமனையில் சில மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டர், "வர வேண்டியது இந்நேரம் வந்திருக்கும். இனிமே இருக்கிறதை வெச்சுதான் ஓட்டணும்" என்றார். இஸ்திரிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக வேலையை விட்டார். கூடத்துத் துணிகளை வீட்டுக்கே வாங்கி வந்து, முன்னறையில் மேஜை போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

ஐந்து வருடம் அப்படி ஓடிவிட்டது.

அவர் அவளைப் பார்த்துக்கொண்ட விதத்தைத் தெருவே பேசியது. காலையில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைப்பார். குளிப்பாட்டுவார். தலை வாரிப் பின்னல் போடக்கூடக் கற்றுக்கொண்டார். இஸ்திரி போட்டுப் பழகிய கை என்பதால் பின்னல் மடிப்புக் கலையாமல் இருக்கும். கழிப்பறை வாசல் குறுகல், சக்கர நாற்காலி நுழையாது. அங்கே அவளைத் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்து, முடிகிற வரைக்கும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். "உங்க வீட்டுக்காரர் மாதிரி கிடைக்கக் கொடுத்துவெச்சிருக்கணும்" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மாஸ்டரும் ஆமாம் என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வாசலில் நிற்கிற அந்த நேரத்தில் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்து வருடத்தில் எல்லாம் பழகிவிட்டது, அது மட்டும் பழகவில்லை.

பக்கவாதம் வந்து வருடக்கணக்கானவர்களுக்கும் நடைப் பயிற்சி கொடுக்கிற இடம் ஒன்று திறந்திருக்கிறது என்று, வெளியூரில் வேலை பார்க்கும் மகள்தான் விசாரித்துச் சொன்னாள். "இவ்வளவு நாள் கழிச்சு என்னம்மா வரப்போகுது?" என்றார் இஸ்திரிக்காரர். "வராட்டி வராம போகட்டும்ப்பா. போய்ப் பாருங்க" என்றாள் மகள்.

முன்பு மேஜை நாற்காலி விற்ற கடை அது. தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே கூரையில் நீளமாக ஒரு இரும்புத் தண்டவாளம் ஓடியது. அதிலிருந்து வார்ப்பட்டைகள் தொங்கின. அவற்றை இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொண்டு ஒருவர் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். பயிற்சி கொடுப்பவள் முப்பது வயதைத் தாண்டியவள், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எல்லோரும் அவளை பிசியோ என்றார்கள்.

பிசியோ முதலில் ரத்த அழுத்தம் பார்த்தாள். காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க நடந்து போகணும்னு ஆசைப்படறீங்க?"

"வீட்டுக்குள்ள நாலு எட்டு வெச்சாலே போதும்" என்றார் இஸ்திரிக்காரர்.

"சார், நான் அவங்களைக் கேட்டேன்."

மாஸ்டர் தணிந்த குரலில், "பாத்ரூமுக்கு" என்றாள். "தனியா போய், கதவைச் சாத்திக்கணும்."

இஸ்திரிக்காரர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

பிசியோ சிரிக்கவில்லை. "இது நடக்கும்னு சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன்மா. இத்தனை வருஷம் கழிச்சும் நடை தேறினவங்க இருக்காங்க. தேறாதவங்களும் இருக்காங்க. கை வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. கால்ல கொஞ்சம் உயிர் இருக்கு. அதுக்கு யாரும் வேலை கொடுக்கலை. கொடுத்துப் பாப்போம்."

பாதம் தொங்காமல் இருக்க முழங்காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாங்கியை மாட்டினார்கள். இடுப்பில் வார்ப்பட்டை ஏறியது. மாஸ்டர் எழுந்து நின்றதும் வழக்கம்போல இஸ்திரிக்காரர் வலது பக்கம் வந்து அக்குளில் கை கொடுத்தார். ஒவ்வொரு முறை அவள் உடம்பு வலது பக்கம் சாயும்போதும் அந்தக் கை தானாக அவளை மேலே தூக்கியது. பிசியோ சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கையை எடுங்க."

"விழுந்துடுவா."

"விழ மாட்டாங்க. மேல கட்டியிருக்கு. அவங்க வலது காலா இத்தனை வருஷமா நீங்க நின்னுட்டிருக்கீங்க. அந்தக் கால் பின்ன எதுக்கு நிக்கும்?"

அவள் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கையை எடுத்தார். மாஸ்டரின் உடம்பு வலது பக்கம் போனது, முழங்கால் பின்பக்கமாக வெடுக்கென்று சொடுக்கியது, அவள் "அய்யோ" என்றாள். அவர் கை மறுபடி அக்குளுக்குப் போய்விட்டது. இப்படியே திரும்பத் திரும்ப நடந்த பிறகு பிசியோ அவரை வெளியே உட்காரச் சொன்னாள்.

வெளியே ஒரு பெஞ்சு. அதில் ஏற்கனவே ஒரு அம்மாள் உட்கார்ந்து உல்லன் நூலால் எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். வார்ப்பட்டையில் தொங்கி நடந்தாரே, அவருடைய மனைவி. "உங்களையும் துரத்திட்டாங்களா?" என்று கேட்டாள். "முதல் வாரம் எனக்கும் அழுகையா வந்துச்சு. இப்ப நிம்மதியா இருக்கு. வீட்டுல இந்த மாதிரி உக்கார எங்க நேரம்?" இஸ்திரிக்காரர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் மடியில் வைத்தார், அப்புறம் கட்டிக்கொண்டார்.

உள்ளே இருந்த மனிதர் பேருந்து ஓட்டியவர். இடது பக்கம் செயலிழந்து மாஸ்டரைவிட அதிக வருடமாகியிருந்தது. வாய் மட்டும் ஓய்வதில்லை. "எனக்கு பிரேக் மட்டும்தான் பிடிக்குது மாஸ்டர், கிளட்ச் விழவே மாட்டேங்குது" என்பார், விறைத்துப்போன தன் காலைத் தட்டியபடி. "உங்களுக்காவது இடது பக்கம், லேடீஸ் சீட்டு பக்கம், நல்லா இருக்கு. என் வண்டியைப் பாருங்க, ஒரு பக்கமாவே இழுக்குது." மாஸ்டர் சிரிக்கப் போனால் கால் தடுமாறும். "பேசாதீங்க டிரைவர், விழுந்துடுவேன்" என்பாள். பிசியோ இருவரையும் சேர்த்து அதட்டுவாள்.

வேலை என்னவோ சிரிப்பாக இல்லை. எடையை வலது காலில் வைக்க வேண்டும், வைத்ததும் முழங்கால் பின்னால் ஓடாமல் பிடிக்க வேண்டும், பிடித்தபடியே இடது காலை எடுக்க வேண்டும். இதை ஒரு முறை சரியாகச் செய்வதற்குள் வியர்வை முதுகில் வழியும். முடித்து வீட்டுக்குப் போனால் சாப்பிடக்கூட முடியாமல் தூங்கிவிடுவாள். ஒரு வாரம் கால் கேட்கும், மறு வாரம் யாருடைய காலோ போலக் கிடக்கும். பல வாரங்கள் கழித்துத்தான் அவளுக்கு ஒன்று புரிந்தது. குதிகால் தரையில் படும்போது தரை இருப்பது தெரிகிறது. மரத்துப்போன ஒரு இடத்தில், எங்கோ தூரத்தில் யாரோ தட்டுவதுபோல. அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்ன, வலிக்குதா?" என்றாள் பிசியோ.

"இல்ல. தரை தெரியுது."

வார்ப்பட்டையை எடுத்துவிட்டு, இடது கையில் நாலு கால் வைத்த ஊன்றுகோலைக் கொடுத்தார்கள். பயிற்சிக் கூடத்துக்குள் அவள் ஒரு சுற்று வருவாள். வலது கால் நேராக வராது, வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டுத்தான் வந்து சேரும். ஆனால் வந்து சேரும். கண்ணாடிக்கு வெளியிலிருந்து இஸ்திரிக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. காலையில் அக்குளில் கை, கழிப்பறை வாசலில் அவர். "அங்க பட்டை இருக்கு, ஆள் இருக்கு. இங்க என்ன இருக்கு? நான்தான் இருக்கேன்" என்பார்.

ஒரு நாள் தேய்த்த துணிகளைக் கொடுக்க அவர் வெளியே போயிருந்தபோது மாஸ்டர் கட்டிலிலிருந்து தானே எழுந்தாள். ஊன்றுகோல் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. இஸ்திரி மேஜை வரைக்கும் நன்றாகவே வந்தாள். மேஜைக்குக் கீழே சுருண்டு கிடந்த மின்கம்பியில் வலது பாதம் மாட்டியது.

விழுந்ததில் எலும்பு முறியவில்லை. புருவத்துக்கு மேலே தோல் கிழிந்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. இடது கையை ஊன்றினால் உடம்பு அதைச் சுற்றி வட்டம் போட்டது. அவர் வந்து கதவைத் திறந்தபோது அவள் தரையோடு கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். சேலை நனைந்திருந்தது.

அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். துடைத்தார், உடை மாற்றினார், காயத்துக்கு மருந்து போட்டார். பிறகு முன்னறைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தார்.

"போதும். இனிமே அங்க போக வேண்டாம். அஞ்சு வருஷம் உன்னைக் கீழ விடாம பாத்துக்கிட்டேன். இனியும் பாத்துப்பேன்."

"நீங்க பாத்துக்கிட்டீங்க" என்றாள் மாஸ்டர். "இல்லன்னு சொல்லலை. அந்த அஞ்சு வருஷத்துல நான் என்ன பண்ணேன், சொல்லுங்க."

"நீ என்ன பண்ணணும்? நான்தான் இருக்கேன்ல?"

"அதான்."

அந்த வாரமும் அடுத்த வாரமும் பயிற்சிக்குப் போகவில்லை. கட்டிலோரம் நின்ற ஊன்றுகோலை அவர் அலமாரிக்குப் பின்னால் தள்ளிவைத்தார். பிசியோ போன் பண்ணியபோது, உடம்பு சரியில்லை என்றார். அடுத்த முறை போன் எடுத்தது மாஸ்டர். நடந்ததைச் சொன்னாள். மறுநாள் மாலை பிசியோ ஒரு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"தப்பு என் மேலயும் இருக்கு" என்று வாசலிலேயே சொன்னாள். "நடக்கச் சொல்லிக் கொடுத்தேன். விழுந்தா எழுந்திருக்கச் சொல்லிக் கொடுக்கலை. நடக்கறவங்க விழத்தான் செய்வாங்க சார். அதை முதல்லயே கத்துக் கொடுத்திருக்கணும்."

இஸ்திரிக்காரர் அவளை உள்ளே வரச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவளே வந்து முன்னறையில் பாயை விரித்தாள். இஸ்திரி மேஜையைச் சுவரோரம் நகர்த்தினாள். மாஸ்டரைப் பாயில் படுக்கவைத்து, பக்கத்தில் கைப்பிடி இல்லாத கனமான நாற்காலி ஒன்றைப் போட்டாள். எப்படித் திரும்புவது, எதை ஊன்றுவது, எந்தக் கால் முன்னால் வரவேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தானே படுத்துச் செய்து காட்டினாள்.

பிறகு எழுந்து, "சார், நீங்க இங்க நில்லுங்க. கையைப் பின்னால கட்டிக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நீங்களும் கத்துக்கணும்ல?"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர் இடது பக்கம் உருண்டாள். முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கப் பார்த்தாள். பாதி எழுந்து சரிந்தாள். மறுபடி ஊன்றினாள். இந்த முறை உட்கார முடிந்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்து, முழங்காலுக்கு வருவதற்குள் மூச்சு இரைத்தது. வலது முழங்கால் கீழே வழுக்கிக்கொண்டு போனது. நெற்றியை நாற்காலியின் மேல் சாய்த்துக்கொண்டு அவள் அப்படியே கிடந்தாள். இஸ்திரிக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"வேண்டாம்" என்றாள் மாஸ்டர், தலையைத் தூக்காமல்.

அவர் நின்றார். அவளைத் தூக்குவதற்கு அவருக்குக் கண் இமைக்கிற நேரம் போதும். ஐந்து வருடமாக அதைத்தான் செய்துவந்தார், தூங்கி விழித்த உடனே, காய்ச்சலில் கிடந்தபோதும், இடுப்பு பிடித்துக்கொண்ட நாட்களிலும். இப்போது தூக்காமல் நிற்பதற்கு அதைவிட அதிக பலம் வேண்டியிருந்தது.

மாஸ்டர் வலது முழங்காலை உடம்புக்குக் கீழே இழுத்துக்கொண்டு வந்து அதன் மேல் எடையை வைத்தாள். இடது பாதத்தை முன்னால் கொண்டுவந்து தரையில் பதித்தாள். இடது கையை நாற்காலியில் அழுத்தி எழும்பி, உடம்பைத் திருப்பி, தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது.

"நீ எழுந்துட்ட" என்றார் இஸ்திரிக்காரர். சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்டது. முன்னறையில் இருந்த இரண்டு பெண்களும் கேட்காததுபோல இருந்தார்கள்.

அதன் பிறகு அவரே வீட்டை மாற்ற ஆரம்பித்தார். கம்பிகள் சுவரோடு போயின. கழிப்பறைச் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய் ஏறியது. ஊன்றுகோல் கட்டிலோரம் திரும்ப வந்தது. ஒரு காலை மாஸ்டர் எழுந்து, சுவரோரமாகவே நடந்து, கழிப்பறைக்குள் போனாள். திரும்பி, ஊன்றுகோலைக் குழாயில் சாய்த்துவிட்டு, இடது கையால் கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போடக்கூடாது என்று பிசியோ சொல்லியிருந்தாள். அதனால் சாத்த மட்டும் செய்தாள்.

உள்ளே இருட்டாக, சின்னதாக, அமைதியாக இருந்தது. அவள் உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது.

"என்னங்க."

"ம்?"

"அந்தப் பக்கம் போங்க."

காலடிச் சத்தம் விலகிப் போனது. கொஞ்ச நேரத்தில் முன்னறையில் இஸ்திரிப் பெட்டி துணியில் உரசும் ஓசை வந்தது. மாஸ்டர் எழுந்திருக்க அவசரப்படவில்லை. வேலை முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மழை பிடித்திருந்த ஒரு வாரத்தில் டிரைவர் பயிற்சிக்கு வரவில்லை. அடுத்த முறை போனபோது பிசியோ அவளை உட்காரவைத்துவிட்டுச் சொன்னாள். மூளையில் மறுபடியும் அடைப்பு. மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார். எடுத்து எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று மாஸ்டர் நடக்கவில்லை. இரும்புத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவங்க வீட்டுக்குப் போகணும்" என்றாள் கணவரிடம்.

டிரைவர் வீட்டுக்கு முன்னால் சில படிகள் இருந்தன. கைப்பிடி கிடையாது. வண்டியிலிருந்து அவள் இறங்கியதைப் பார்த்ததும் வாசலில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் எழுந்து ஓடி வந்தார்கள். "நாற்காலியோட தூக்கிடலாம்" என்றார் ஒருவர்.

"விடுங்க" என்றார் இஸ்திரிக்காரர். "அவங்களே ஏறுவாங்க. கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்."

அவளுக்குப் பின்னால் ஒரு படி கீழே, தொடாமல் நின்றுகொண்டார். மாஸ்டர் ஊன்றுகோலை மேல்படியில் வைத்தாள், இடது காலை ஏற்றினாள், வலது காலை இழுத்துச் சேர்த்தாள். அவள் ஏறி முடிக்கும்வரை வாசலில் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

டிரைவரின் மனைவி உள்ளறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னல் ஊசி எதுவும் கையில் இல்லை. மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகு நேரம் கழித்து அந்த அம்மாள் கேட்டாள்.

"அவ்வளவு நடந்தாரே. நடந்து என்னங்க ஆச்சு?"

மாஸ்டர் யோசித்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியவில்லை.

"தெரியலைங்க" என்றாள்.

அந்த அம்மாள் தலையாட்டினாள். "போன மாசம் ஒரு நாள் விடியக்காலைல முழிச்சுப் பாக்கறேன், கட்டில்ல ஆளைக் காணோம். பதறிப்போய் ஓடறேன். சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். எனக்கு டீ போடறாராம். பாலெல்லாம் பொங்கி வழிஞ்சு கிடக்கு. உங்களை யாரு எழுந்திருக்கச் சொன்னதுன்னு கத்தினேன். அந்த டீயை நான் குடிக்கவே இல்லைங்க. கொட்டிட்டேன்."

மாஸ்டர் தன் இடது கையை அவள் கை மேல் வைத்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இஸ்திரிக்காரர் வாசலுக்கு வந்து, போகலாமா என்று பார்வையால் கேட்டார்.

"நீங்க போய் வேலையை முடிச்சுட்டு சாயங்காலம் வாங்க. நான் இவங்களோட இருக்கேன்" என்றாள்.

அவர் ஒரு நொடி தயங்கினார். அவளை வேறொரு வீட்டில் விட்டுவிட்டுப் போனதே கிடையாது. பிறகு, "சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வீட்டில் அரவம் அடங்கியது. டிரைவரின் மனைவி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவளுடைய உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. மாஸ்டர் எழுந்து, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, சமையலறைக்கு நடந்தாள். ஊன்றுகோலை மேடையில் சாய்த்துவிட்டு, ஒரு டம்ளரைத் தேடி எடுத்து, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினாள். திரும்பப் போனபோதுதான் அது உறைத்தது. நடப்பதற்கு அந்த ஒரு கைதான். டம்ளரை எடுத்தால் ஊன்றுகோல் இல்லை, ஊன்றுகோலை எடுத்தால் டம்ளர் இல்லை.

அவள் கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரல் கொடுத்தாள்.

"ஏங்க, தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன். ஆனா என்னால எடுத்துட்டு வர முடியாது. நீங்கதான் எழுந்து வரணும்."

உள்ளறையில் சுவரில் கை ஊன்றுவதும், வளையல் உரசுவதும் கேட்டன. டிரைவரின் மனைவி மெதுவாக நடந்து வந்தாள். டம்ளரை எடுத்து, நின்றபடியே முழுவதும் குடித்தாள். குடித்துவிட்டு, காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சமையல் மேடையில் சாய்ந்துகொண்டாள். மாஸ்டர் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள்.